விண்ணப்பம் போடப்போகும் பிள்ளைகளுக்கு

தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லித்தரத்தான் ஆளைக் காணோம். அதை ஒரு வேலையாகவே யாரும் நினைப்பதில்லை. பிரவுசிங் சென்டர் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறீர்கள். நான் அரசு அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் காலம் தள்ளியவன். அடுத்தவர் விண்ணப்பத்தையும் சான்றிதழையும் ஒத்துப்பார்ப்பதே பிழைப்பாக இருந்தது. இப்போது எங்கள் ஊர் கிளை நூலகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "எண் போட்டு எழுதிக் கொடுங்க ஐயா" என்று ஒரு பெண் கேட்டாள். அதனால் எண். மற்றபடி வரிசைக்குத் தனி அர்த்தம் ஒன்றும் கிடையாது.

1. முதலில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்திய குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கையில் சொன்ன இடங்கள் 7301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். இந்தக் கூட்டத்தில் உங்கள் தாளைக் கையில் எடுப்பவருக்கு உங்கள்மேல் பகை ஒன்றும் இல்லை. பார்த்தால் பாவமாகக்கூட இருக்கும். ஆனால் "இந்தப் பையன் இதைத்தான் சொல்ல வந்திருப்பான்" என்று ஊகித்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் கிடையாது. விண்ணப்பத்தில் ஒன்று, சான்றிதழில் வேறொன்று என்றால், இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையே இல்லை. முரண்பாடு என்று குறிப்பெழுதி மேலே அனுப்புவார். ஒருவருக்கு மட்டும் அவர் இரங்கினால், அதே பிழைக்காக வெளியே போன இன்னொருவர் நாளைக்கு வழக்குப் போடுவார். அவர் நிலையில் நீங்கள் இருந்தாலும் அதையேதான் செய்வீர்கள். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்: ஊகிக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லாமல் தாளைக் கொடுங்கள்.

2. அறிவிக்கையை முழுதாகப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பக்கப் படம் அறிவிக்கை ஆகாது. அதில் காலியிடம் இருக்கும், கடைசி நாள் இருக்கும், கீழே பயிற்சி மையத்தின் போன் நம்பர் கொட்டை எழுத்தில் இருக்கும். உங்களை வெளியே தள்ளப்போகும் வரி அதில் இருக்காது. நாற்பது, ஐம்பது பக்கம் என்று மலைக்காதீர்கள். பாதிக்கு மேல் பாடத்திட்டமும் படிவ மாதிரிகளுமாகத்தான் இருக்கும்.

படிக்கும்போது தேதிகளை அடிக்கோடிடுங்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் வயதைக் கணக்கிடும் நாள் ஜூலை 1. கல்வித் தகுதியோ அறிவிக்கை வெளியான நாளன்றே கையில் இருக்க வேண்டும். கடைசிப் பருவத் தேர்வு எழுதிவிட்டு, "ரிசல்ட் வந்துவிடும்" என்ற தைரியத்தில் விண்ணப்பிக்கிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அந்தத் தைரியத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கல்வித் தகுதியின் சொற்களையும் சொல்லுக்குச் சொல் பாருங்கள். தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்திருக்கலாம். ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர் என்றாலும் போதும். இரண்டிலும் லோயர் மட்டும் வைத்துக்கொண்டு "டைப்பிங் முடிச்சிருக்கேன்" என்று டிக் அடிக்கிற பிள்ளைகள் கலந்தாய்வுக்குச் சென்னை வரை போய்த் திரும்புகிறார்கள். பட்டத்திலும் இப்படியே. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தைத் தமிழ்நாடு அரசுப் பணியில் ஏற்பதில்லை. உங்கள் பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் உள்ள பெயரிலிருந்து ஒரு சொல் மாறினாலும், அதற்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

3. பெயர். இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். காரணம் நம்முடைய இனிஷியல்.

நூலகத்தில் ஒரு பெண்ணை எல்லாத் தாளையும் கொண்டுவரச் சொல்லி நீள மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். அவள் பெயரைக் கவிதா என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் "எஸ். கவிதா". கல்லூரிச் சான்றிதழில் "கவிதா எஸ்". ஆதாரில் வெறும் "கவிதா". வங்கிப் புத்தகத்தில் "கவிதா செல்வராஜ்". சாதிச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டில் 'டி'க்குப் பிறகு வரவேண்டிய 'எச்' இல்லை. அப்பா பெயர் ஒன்றில் செல்வராஜ், இன்னொன்றில் செல்வராஜு. ஆள் ஒருத்தி, தாளில் நாலைந்து பேர். அவள் சிரித்துவிட்டாள். "எல்லாம் நான்தானேய்யா" என்றாள். எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கணினிக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஆதாரை அதற்கேற்றபடி திருத்திக்கொள்ளுங்கள். ஆதார் திருத்தம் சில நாளில் முடிகிற காரியம், பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது அப்படி இல்லை. சாதிச் சான்றிதழில் எழுத்துப்பிழை இருந்தால் இ-சேவையில் புதிதாக விண்ணப்பித்து வாங்குங்கள். எண் கணிதம் பார்த்துப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டியவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்கள், மதம் மாறிப் பெயர் மாற்றியவர்கள் எல்லோரும் அரசிதழில் வெளியிட்டு அந்தப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். நோட்டரி முன் எழுதிக்கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவது நம்மிடையே சகஜம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று சொன்னபோது நம்மவர்கள் நிறையப் பேர் திண்டாடினார்கள். புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள்.

4. பிறந்த தேதி. என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறோம். அம்மா பெற்ற தேதி வேறு, பள்ளியில் சேர்த்த ஆசிரியர் போட்ட தேதி வேறு. உங்கள் தலைமுறையில் இது குறைந்துவிட்டது, ஆனாலும் பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் மாறி நிற்கிற பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வேலைக்குப் பார்ப்பது பள்ளிச் சான்றிதழை. அதில் உள்ளதையே எழுதுங்கள்.

5. சாதிச் சான்றிதழை யார் கொடுத்தது என்று பாருங்கள். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் தர வேண்டும், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தர வேண்டும். அந்த நிலைக்குக் கீழுள்ள அலுவலர் கையெழுத்திட்டது செல்லாது. கல்யாணமான பெண்களுக்குத் தந்தை பெயரில் வாங்கிய சான்றிதழ்தான் வேண்டும், கணவர் பெயரில் உள்ளது ஆகாது. பி.சி.யா எம்.பி.சி.யா என்ற குழப்பத்தை உறவுக்காரரிடம் கேட்டுத் தீர்க்காதீர்கள். சான்றிதழில் எந்தப் பட்டியல் என்று அச்சாகியிருக்கிறது, அதைப் பார்த்து டிக் அடியுங்கள்.

மத்திய அரசு வேலை என்றால் கதை வேறு. தாசில்தார் ஆபீசில் வாங்கிய பி.சி., எம்.பி.சி. சான்றிதழைக் கொண்டுபோய் ஓ.பி.சி. இடத்தில் நீட்டினால் எடுக்க மாட்டார்கள். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். அதன் தேதியும் அந்த அறிவிக்கை கேட்கும் காலத்துக்குள் விழ வேண்டும். அண்ணன் வாங்கியதைப் பார்த்து மாதிரி எடுக்காதீர்கள், படிவம் அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. கணவரை இழந்தவர் என்பதும் "ஆதரவற்ற விதவை" என்பதும் சட்டத்தில் ஒன்றல்ல. பின்னதற்கு வருமான வரம்பு உண்டு, உரிய அலுவலரின் சான்றும் வேண்டும். கையில் அந்தச் சான்று இல்லாமல் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

6. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ் வழியில் படித்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகப் போய்த் தலைமையாசிரியரிடம் சான்று வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு ஊரில், நடுநிலைப் பள்ளி பாட்டி ஊரில், மேல்நிலைப் பள்ளி டவுனில் என்று படித்த பிள்ளைக்கு இது ஒரு வார வேலை.

இந்தச் சான்றில் என்ன தவறுகிறது என்று சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புவரை ஒரு பள்ளி எழுதித் தரும், அடுத்த பள்ளி ஏழாம் வகுப்பிலிருந்து எழுதித் தரும், ஆறாம் வகுப்பு காற்றில் போய்விடும். அல்லது ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். முத்திரை இருக்கும், தேதி இருக்காது. தலைமையாசிரியர் பழைய படிவத்தில் எழுதித் தந்திருப்பார். அவரைக் குறை சொல்லாதீர்கள், நூற்றுக்கணக்கில் எழுதுகிறார். நீங்களே அறிவிக்கையில் உள்ள படிவத்தை அச்செடுத்துக்கொண்டு, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு எல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கையில் வாங்கியதும் பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் படித்துப் பாருங்கள். பாடம் ஆங்கில வழி, தேர்வை மட்டும் தமிழில் எழுதினேன் என்பவர்களுக்கு இந்த முன்னுரிமை கிடையாது.

கோடை விடுமுறையில் அறிவிக்கை வந்தால் பள்ளி பூட்டிக் கிடக்கும். இதை முன்கூட்டியே வாங்கி வைப்பவர் கெட்டிக்காரர்.

7. கட்டணச் சலுகையில் கணக்குத் தவறாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் தனி. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் தேர்வுக் கட்டணத்தில் மூன்று முறை இலவச வாய்ப்பு உண்டு. மூன்றும் தீர்ந்த பிறகு, மறந்துபோயோ ஆசைப்பட்டோ நான்காவது முறையும் சலுகை கேட்டால் விண்ணப்பமே தள்ளுபடியாகும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய்தான். நூறு ரூபாய்க்காக ஒரு தேர்வை அடகு வைக்காதீர்கள். எந்த ஆண்டு, எந்தத் தேர்வுக்குச் சலுகை எடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

8. போட்டோவும் கையெழுத்தும் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ரயில்வே கதை ஒன்று. 2019இல் ரயில்வே லெவல் 1 பணிகளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. ஒரு கோடிப் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். போட்டோ, கையெழுத்துச் சரியில்லை என்று மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை ஒதுக்கினார்கள். பிறகு எழுந்த சத்தத்தில், திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். எல்லாத் தேர்விலும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம்.

கல்யாண வீட்டுப் படத்தை வெட்டி ஏற்றாதீர்கள். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, செல்ஃபி எதுவும் வேண்டாம். போட்டோ 20 முதல் 50 கே.பி., கையெழுத்து 10 முதல் 20 கே.பி. என்பது பல தேர்வுகளில் வழக்கம், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அறிவிக்கையைப் பாருங்கள். வங்கித் தேர்வில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்ட கையெழுத்தை ஏற்க மாட்டார்கள். இடது பெருவிரல் ரேகை கேட்பார்கள், சொந்தக் கையால் எழுதிய உறுதிமொழியும் கேட்பார்கள். அதைத் தங்கையை விட்டு எழுத வைக்கிற புத்திசாலிகள் உண்டு. வேண்டாம். எங்கும் ஒரே கையெழுத்துப் போடுங்கள். தமிழில் போடுபவர்கள் கடைசிவரை தமிழிலேயே போடுங்கள்.

9. மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்கு அந்தக் கடைக்காரரின் மின்னஞ்சலையே கொடுத்துவிட்டு, அழைப்பு வந்தது தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கடிதம் வரும் காலம் போய்விட்டது. எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல், இணையதளம் இவ்வளவுதான். ரீசார்ஜ் செய்யாமல் சிம் செத்துப்போனால் ஓ.டி.பி.யும் வராது.

10. கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். கடைசி நாள் இரவு 11.59 வரை நேரம் இருக்கிறது என்பது தாளில்தான். அன்றைக்கு சர்வர் நகராது, பணம் போகும், ரசீது வராது, கடையில் பத்துப் பேர் பின்னால் நிற்பார்கள்.

கடைக்காரர் தட்டச்சு செய்யட்டும், தப்பில்லை. "சப்மிட்" பட்டனை அழுத்தும் முன் அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருங்கள். சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படியுங்கள். கூட ஒரு ஆளை அழைத்துப்போய், நீங்கள் சான்றிதழை வாசிக்க அவர் திரையைப் பார்ப்பது இன்னும் நல்லது. நாங்கள் அலுவலகத்தில் சம்பளப் பட்டியலை அப்படித்தான் சரிபார்ப்போம். ஏற்றிய சான்றிதழ் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். பின்பக்கம் ஏறியிருக்கிறதா? எழுத்துத் தெரிகிறதா? இதற்கு மேலும் பிழை தப்பினால், டி.என்.பி.எஸ்.சி. கடைசி நாளுக்குப் பிறகு திருத்தத்துக்கென்று மூன்று நாள் தருகிறது. அந்த மூன்று நாளில், பிழை இல்லை என்று நினைப்பவர்களும் ஒருமுறை திறந்து படியுங்கள். பிறகு விண்ணப்பத்தின் பி.டி.எஃப்., பணம் கட்டிய ரசீது இரண்டையும் அச்செடுத்துப் பையில் வையுங்கள்.

11. தனியார் வேலைக்குப் போகிறவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை இன்னொரு கம்பெனிக்கு அனுப்பும்போது பழைய பெயர் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். கோப்புக்கு "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3" என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரை வையுங்கள். 60 சதவீதம் கேட்டால் 59.6ஐ நீங்களாக 60 ஆக்காதீர்கள். வேலை மாறுகிறவர்கள் சேர்ந்த தேதி, விலகிய தேதியை நினைவிலிருந்து எழுதாதீர்கள். பி.எஃப். கணக்கில் உங்கள் வேலை வரலாறு முழுதும் இருக்கிறது, பின்னணிச் சரிபார்ப்பில் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டு மாதம் சும்மா இருந்ததை மறைக்கத் தேதியை நீட்டினால், சும்மா இருந்தது குற்றமில்லை, நீட்டியதுதான் குற்றமாகும்.

12. தள்ளுபடி என்று வந்துவிட்டால் உடைந்துபோகாதீர்கள். காரணத்தைப் படியுங்கள். குறை நிவர்த்திக்கு நாள் கொடுத்திருந்தால் அதற்குள் ஆவணத்தை ஏற்றுங்கள். காரணம் புரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நீதிமன்றமும் இருக்கிறது. ஆனால் அதற்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டு போங்கள்.

பீகாரில் 2017இல் காவலர் பணிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர் எழுத்துத் தேர்விலும் உடல்தகுதித் தேர்விலும் தேறினார். பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்த தேதி 18.12.1997. சைபர் கஃபேயில் உட்கார்ந்து நிரப்பிய விண்ணப்பத்தில் 08.12.1997 என்று விழுந்துவிட்டது. எந்தத் தேதியை எடுத்தாலும் அவர் வயது வரம்புக்குள்தான் இருந்தார், அந்தப் பத்து நாளால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் தேறவில்லை என்று அறிவித்துவிட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் தோற்றார். உச்ச நீதிமன்றம் இது அற்பமான பிழை, இதற்காக ஒருவரை வெளியேற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது 2024 ஜனவரி 2ஆம் தேதி.

ஒரு எண்ணை மாற்றி அடித்ததற்கு ஆறு வருடத்துக்கு மேல். அவருக்கு நியாயம் கிடைத்தது எனக்கு மகிழ்ச்சிதான். டெல்லி வரை வழக்கு நடத்த எல்லாராலும் முடியாது, முடிந்தாலும் எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. அடுத்த அறிவிக்கைக்குக் காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் சான்றிதழ் பையைத் திறந்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழை நடுவில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒத்துப்பாருங்கள். மாறுபட்டு நிற்பதைத் திங்கட்கிழமை காலை இ-சேவை மையத்தில் கொடுத்துத் திருத்துங்கள்.